அட்டவணைக்கு வெளியே நிற்கும் குழந்தைகள்

கேள்வி முடியுமுன் பதிலைச் சொல்லிவிடும் பையனையும், ஒரு நிமிஷம் கூடக் கையும் காலும் சும்மா இராத பையனையும் நம் பள்ளிக்கூடங்கள் நன்கு அறியும். ‘அடங்காப்பிடாரி’ என்பது அவனுக்கு உபாத்தியாயர் சூட்டும் பட்டம். ஜன்னலைப் பார்த்தபடி மௌனமாக உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கோ ‘மந்தம்’ என்று பெயர். தொந்தரவு செய்யாததால் அவளை எவரும் விசாரிப்பதுமில்லை. குழந்தைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. பிரம்பு ஓரளவு ஓய்ந்தது, நாக்கு ஓயவில்லை.

ஏ.டி.ஹெச்.டி. என்று வைத்தியர்கள் குறிப்பிடும் இந்நிலை புதிதன்று. 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை வைத்தியர் இத்தகைய குழந்தைகளைப் பற்றிப் பிரசங்கங்கள் செய்தார். அவர்களுக்குப் புத்தியில் குறைவில்லை என்று கண்ட அவரே, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்று வர்ணித்தார். வைத்திய சாஸ்திரம் அந்த வர்ணனையை எப்போதோ கைவிட்டுவிட்டது. நாம் இன்னும் விட்டபாடில்லை. கவனத்தை ஏவவும் அடக்கவும் வேண்டிய மூளையின் வேலைமுறை இவர்களிடம் வேறு விதமாயிருக்கிறது. பெரும்பாலும் அது பரம்பரையாக வருவது. உலகில் ஏறத்தாழ நூற்றுக்கு 5 குழந்தைகள் இப்படிப்பட்டவர்கள். அதாவது, 40 பேர் கொண்ட வகுப்பில் 2 பேர்.

பிடித்த காரியத்தில் நாலு மணி நேரம் மூழ்கிவிடுகிறவன் கணக்கில் நாலு நிமிஷம் நிலைக்கமாட்டேன் என்கிறானே, இது வேண்டுமென்றே செய்யும் பிடிவாதமல்லவா என்று பெற்றோர் கேட்கிறார்கள். அந்த முரண்பாடே இந்நிலையின் லக்ஷணம் என்பதை அவர்களுக்கு யாரேனும் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். மருந்து பலருக்கு உதவுகிறது. அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். நாம் பேச விரும்புவது சட்டத்தைப் பற்றி.

1995-ஆம் வருஷத்துச் சட்டம் 7 குறைபாடுகளையே அங்கீகரித்தது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அவற்றை 21 ஆக்கிற்று. அந்த அட்டவணையில் ஆட்டிஸம் இருக்கிறது. படிப்பிலும் எழுத்திலும் தோன்றும் கற்றல் குறைபாடு இருக்கிறது. ஏ.டி.ஹெச்.டி. இல்லை. அட்டவணையில் இல்லாததற்குச் சலுகையும் இல்லை என்று பள்ளி நிர்வாகிகள் கையை விரிக்க இது வசதியாயிருக்கிறது.

மனித மூளைகளில் இதுவும் ஒரு வகை என்கிறீர்கள், பிறகு குறைபாட்டுச் சட்டத்தில் ஏன் இடம் கேட்கிறீர்கள் என்று சிலர் மடக்கக்கூடும். சட்டத்தின் 2-ஆவது பிரிவை அவர்கள் படித்துப் பார்க்கட்டும். நெடுங்காலமாயிருக்கும் ஒரு குறைவு, வெளியே உள்ள தடைகளோடு எதிர்ப்படும்போது, பிறருக்குச் சமமாகச் சமூகத்தில் பங்கெடுக்க முடியாமல் போகிறவரையே அப்பிரிவு குறிக்கிறது. ஆக, பொறுப்பில் ஒரு பாதியைச் சட்டமே தடைகளின்மேல் சுமத்தியிருக்கிறது. மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து எழுதினால்தான் அறிவு என்று கொள்ளும் பரீக்ஷை முறை தடையல்லாமல் வேறென்ன?

எழுத முயன்றால் கை இழுத்துக்கொள்ளும் நிலையுள்ள ஒரு வாலிபர், ஸிவில் ஸர்வீஸ் பரீக்ஷையில் தாம் சொல்வதை எழுத ஓர் ஆள் கேட்டார்; தேர்வாணையம் மறுத்தது. 40 சதவீதக் குறைபாடு இருந்தால்தான் உதவி என்ற வாதத்தை 2021 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. அத்தீர்ப்பு ஏ.டி.ஹெச்.டி.யைப் பற்றியதன்று. எனினும், சலுகையின் அளவுகோல் தேவையே என்ற அதன் நியாயம் இக்குழந்தைகளுக்கும் பொருந்தும் என்பதே நமது அபிப்பிராயம்.

பொய்ச் சான்றிதழ்கள் மலிந்துவிடும் என்ற பயமும் சொல்லப்படுகிறது. பொய்ப் பத்திரம் எழுதுவோர் உண்டு என்பதற்காக ரிஜிஸ்டர் ஆபீஸை மூடிவிட்டோமா?

அட்டவணையில் புதிய வகையைச் சேர்க்கச் சட்டத் திருத்தம் வேண்டுவதில்லை. மத்திய சர்க்கார் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். அதற்கு அட்டவணையிலேயே இடம் வைக்கப்பட்டிருக்கிறது. சர்க்கார் அதை உடனே செய்ய வேண்டும். பள்ளிகள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. முன் வரிசையில் ஓரிடம், வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்துக் கொடுத்தல், நடுவே எழுந்து நடக்க அனுமதி, பரீக்ஷைக்கு ஓசையற்ற ஓர் அறையும் சற்று அதிக நேரமும்: இவற்றை வரும் அரைப் பரீக்ஷைக்கு முன்பே எந்தத் தலைமை உபாத்தியாயரும் தம் பள்ளியில் தொடங்கிவிடலாம்.