சிவப்புக்கு மேல் என்ன நிறம்?

வானிலை ஆபீஸைக் கிண்டல் பண்ணாத தமிழன் உண்டா? ரமணன் டி.வி.யில் தோன்றி 'அடுத்த 24 மணி நேரத்தில்...' என்று ஆரம்பித்தால் ஸ்கூல் பையன்கள் லீவுக்காகச் சாமி கும்பிட்டார்கள். ஆபீஸ் போகிற ஆசாமிகள் குடையை எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். அவர் 2016-ல் ரிடையர் ஆகிவிட்டார். ஜோக்குகள் மட்டும் இன்னும் சர்வீஸில் இருக்கின்றன.

எங்கள் திருவண்ணாமலைக்கு அந்த ஜோக்கே தேவைப்பட்டதில்லை. புயல் என்பது கடலூர், நாகப்பட்டினம்காரர்கள் சொத்து. எங்களுக்கு வெயில், பௌர்ணமிக் கூட்டம், கார்த்திகை தீபம். நெருப்புத் தலம் வேறு! கடல் நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தது. (பெயர் கொடுத்தது சவுதி அரேபியா. மழையே பார்க்காதவர்களிடம் மழைக்குப் பெயர் கேட்டால்?) 'இது புயலாகாது' என்றார்கள். 29-ம் தேதி, 'ஆகிவிட்டது' என்றார்கள். 30-ம் தேதி சென்னை ஏர்போர்ட்டை மூடினார்கள். ஐ.டி. கம்பெனிகளுக்கு 'வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்று அரசு சொன்னது. அன்று ராத்திரி புயல் பாண்டிச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. இடத்தைப் பொறுத்தவரை வானிலைத் துறைக்கு நல்ல மார்க்கே போடலாம்.

வினை அதற்கப்புறம்தான். கரை கடந்த புயல் நகரவில்லை!

புயலுக்கு என்ஜின் உண்டு, ஸ்டியரிங் கிடையாது. உயரத்தில் வீசுகிற காற்று தள்ளுகிற பக்கம் போகும். தள்ளுகிற காற்று சோர்ந்துவிட்டால், நடுரோட்டில் பிரேக்டவுன் ஆன டவுன் பஸ் மாதிரி நின்றுவிடும். ஆனால் பக்கத்தில் கடல் இருக்கிறதே, ஈரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒரே நாளில் பாண்டிச்சேரியில் மழை 50 சென்டிமீட்டரைத் தொடப் பார்த்தது. மறுநாள் மெள்ள மேற்கே நகர்ந்து வந்து, கடலிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரைக் கொட்டியது. பத்துக்குப் பத்து மொட்டை மாடியில் 50 சென்டிமீட்டர் என்றால் நாலாயிரத்து அறுநூறு லிட்டர் ஸார்! டிசம்பர் 2 விடியற்காலை சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1,68,000 கன அடி திறந்தார்கள். தென்பெண்ணை அதைச் சுமந்துகொண்டு மறுபடி கடலூருக்கே போனது.

இங்கேதான் எனக்கு ஒரு சந்தேகம். வானிலைத் துறை கணக்கில் 20 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டினாலே 'அதி கனமழை', ரெட் அலர்ட். 21 பெய்தாலும் அதுதான், 50 பெய்தாலும் அதுதான். சிவப்புக்கு மேல் நிறமே கிடையாது. 21 சென்டிமீட்டர் என்றால் வேட்டி நனையும், கரன்ட் போகும். 50 என்றால் கதையே வேறு. இரண்டுக்கும் டி.வி.யில் ஒரே சிவப்புப் பட்டை ஓடினால், அடிவாரத்தில் இருக்கிறவன் எதைப் பார்த்து மூட்டை கட்டுவான்?

டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் போய்விட்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள்.

'அண்ணாமலை சரியும்' என்று முதல் நாள் யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஊரே சிரித்திருக்கும். நிலச்சரிவு என்றால் ஊட்டி, குன்னூர் என்றுதானே பழக்கம்? அரசாங்கமும் அப்படித்தான் நினைத்தது. அதே 2024 ஜூலையில் கல்கத்தாவில் நிலச்சரிவு முன்னறிவிப்புக்கென்றே தேசிய மையம் திறந்தார்கள். முதலில் அறிவிப்பு கிடைத்த இடங்கள் டார்ஜிலிங், கலிம்போங், நீலகிரி. லிஸ்டில் நாங்கள் இல்லை.

மேகத்தைப் பார்க்க ராடார் இருக்கிறது. சென்னை ராடாரின் மிகத் தாழ்ந்த கதிர்கூட எங்கள் ஊருக்கு வருவதற்குள் பூமி வளைவதால் சுமார் மூன்று கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும். மலையோ 2,668 அடி, ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியும். காலுக்குக் கீழே மண் எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று தெரியாது. அதற்கு உள்ளூரில் மழைமானி வேண்டும். 'காலையிலிருந்து இவ்வளவு பெய்துவிட்டது, இந்தத் தெரு மட்டும் கிளம்புங்கள்' என்று மைக்கில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பெரிய செலவில்லை. தீபத்தன்று பார்க்கிங்குக்கு ஒதுக்குகிற ஆட்களில் நாலு பேர் போதும்.

டிசம்பர் 13-ல் தீபம். அதற்கு முன் மண்ணியல் நிபுணர்கள் ஏறிப் பார்த்தார்கள். பக்தர்கள் மலையேறத் தடை என்றாகிவிட்டது. தேரடித் தெரு டீக்கடையில் ஒரு பெரியவருக்குக் கோபமான கோபம்.

"எங்க தாத்தா காலத்துல எந்த ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ஏறினாங்க?"

"அப்போ அடிவாரத்துல இத்தனை வீடு இல்லீங்களே பெரியவரே" என்றார் கடைக்காரர், டீயை ஆற்றிக்கொண்டே.

பெரியவர் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் கீழே நின்றுதான் பார்த்தோம்.