எச்சில் தீட்டா? சாட்சியா?

பூம்புகார் என்றால் நம் ஜனங்களுக்கு உடனே ஞாபகத்திற்கு வருவது கோவலனும் கண்ணகியும், கடல் கொண்டுபோன பழைய பட்டினமும், சித்திரைப் பௌர்ணமி இந்திர விழாவுமேயாகும். இரண்டாயிரம் வருஷத்திற்கு முன் அங்கு எத்தனை மாடமாளிகைகள் இருந்தன என்று மேடை மேடையாகப் பேச நம்மில் ஆள் பஞ்சமில்லை. ஆனால் இன்றையப் பூம்புகாரில், காவிரி கடலில் விழுகிற அந்த மணல்மேட்டுக் குப்பங்களில், தட்டம்மை வந்தால் எதிர்த்து நிற்கக்கூடிய சக்தி எத்தனை குழந்தைகளின் உடம்பில் இருக்கிறது என்று கேட்டால் எந்தப் பண்டிதராலும் பதில் சொல்ல முடியாது. பண்டிதர் கிடக்கட்டும், சுகாதார இலாகாவின் ரிஜிஸ்தரைப் புரட்டினாலும் அதற்கு நேரான பதில் கிடைக்காது. அந்த ரிஜிஸ்தரில் இருப்பது எத்தனை பேருக்கு ஊசி போட்டோம் என்ற கணக்கேயொழிய, எத்தனை பேருக்கு அந்த ஊசி பலித்தது என்ற கணக்கல்ல.

இரண்டும் ஒன்றுதானே என்பார் உண்டு. ஒன்றல்ல. நட்ட வயலெல்லாம் விளைந்த வயலாகிவிடாது என்பதைக் காவிரிக் கடைமடைக் குடியானவனுக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தட்டம்மை ஊசியை 9-வது மாதத்தில் ஒரு தடவை மட்டும் போட்டால் 100 குழந்தைகளில் சுமார் 85 குழந்தைகளுக்கே அது பலிக்கிறது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குழந்தைகளின் இரத்தத்தில் அந்த வயதிலும் மிச்சமிருந்து, ஊசி மருந்தை வேலை செய்யவொட்டாமல் தடுத்துவிடுவது அதற்கு ஒரு காரணம். ஆகவே ஓர் ஊரில் 100-க்கு 95 பேருக்கு ஒரு தவணை போட்டு முடித்தோம் என்று மார்தட்டிக் கொண்டாலும், உண்மையில் காப்புப் பெற்றவர்கள் 81 பேர்தான். தட்டம்மையோ 100-க்கு 95 பேருக்குக் காப்பு இருந்தாலன்றி அடங்கி நிற்காத நோய். இதற்காகத்தான் இந்தியாவில் 2010-ம் வருஷம் முதல் இரண்டாவது தவணையும் சேர்க்கப்பட்டது.

இது வெறும் காகிதக் கணக்கல்ல என்பதற்கு நம் கரையிலேயே சாட்சி இருக்கிறது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கடல் பொங்கியதை அங்கு யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பூம்புகார் அப்பொழுது சேர்ந்திருந்த நாகை ஜில்லாவில் மட்டும் 6,000 உயிர்களுக்கு மேல் போயின. அதே வாரத்தில் நடந்த இன்னொரு சங்கதி அநேகருக்குத் தெரியாது. கொள்ளிடத்திற்கு அக்கரையில், கடலூர் ஜில்லாவில், தட்டம்மை கூட்டமாகக் கண்டிருப்பதாக அந்த டிசம்பர் மாதம் முடிவதற்குள்ளாகவே சேதி வந்தது. அப்பொழுது தமிழ்நாட்டில் ஒரு தவணை தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் 100-க்கு 95-க்கு மேல் என்பது சர்க்கார் கணக்கு. அவ்வளவு பெரிய கணக்கு இருந்தும் நோய் நுழைய வாசல் இருந்தது. எந்த வாசல் திறந்திருந்தது என்பது நோய் உள்ளே வந்த பிறகே தெரிந்தது.

இதைக் கேட்டவுடன் இரண்டு கூட்டத்தார் எழுந்து நிற்பார்கள். "அதுதான் சொன்னோம், எல்லாம் ஆத்தாள் விளையாட்டு, வேப்பிலை செருகிக் கூழ் ஊற்றுங்கள்" என்பவர்கள் ஒரு கூட்டம். "ஊசியே புரட்டு" என்பவர்கள் மற்றொரு கூட்டம். முதல் கூட்டத்தாரை நமக்குப் பழக்கமுண்டு. (நோய் கண்ட வீட்டிற்குள் அன்னியர் வரக்கூடாது என்ற ஒரு வழக்கத்தில் மட்டும் கொஞ்சம் புத்தி இருக்கிறது, அதை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. குழந்தையை வைத்தியரிடம் காட்டாமலும், கண்ணைக் காப்பாற்றும் வைட்டமின்-ஏ மருந்தைக் கொடுக்காமலும் வைத்திருப்பதைத்தான் கண்டிக்கிறோம்.) இரண்டாவது கூட்டத்தார் புதிதாக முளைத்தவர்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா ஊசி நம் மாகாணத்துப் பள்ளிக்கூடங்களில் போடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் இவர்கள் கிளப்பிய பீதியால் எத்தனையோ தாய் தகப்பன்மார் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. சர்க்காரும் கெடுவை நீட்டிக்க வேண்டி வந்தது. 85 குழந்தைகளைக் காப்பாற்றும் ஒன்றை, மீதி 15-ஐக் காட்டிப் புரட்டு என்பது என்ன நியாயம் என்று இவர்களைக் கேட்கிறோம்.

நிற்க. அந்த 15 பேர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பதெப்படி? இதுவரை உள்ள நிச்சயமான வழி இரத்தத்தை எடுத்துப் பார்ப்பது. நோயை எதிர்க்க உடம்பு உண்டாக்கிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் மிதந்துகொண்டிருக்கும். அதை அளந்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆனால் இரண்டு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்து நரம்பு தேடி ஊசி குத்துவதென்றால் எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? நோயாயிருந்தால் சம்மதிப்பாள். ஓடி விளையாடும் குழந்தையை, கணக்கெடுப்பதற்காக என்று கூப்பிட்டால், "என் பிள்ளைக்கு என்ன வந்தது?" என்று கதவைச் சாத்திக்கொள்வாள். அவளை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். கொரோனாவிற்காக 2021 ஜூன், ஜூலையில் இந்தியா முழுதும் நடந்த இரத்தப் பரிசோதனையில்கூட 6 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத்தான் சேர்த்தார்களேயொழிய அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளைச் சேர்க்கவில்லை.

இங்குதான் எச்சில் வருகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் இரத்தத்தின் நீர் ஓயாமல் கசிந்து எச்சிலோடு கலந்துகொண்டே இருக்கிறது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளும் அத்தோடு வருகிறது. அளவு மிகக் கொஞ்சம். இரத்தத்தில் உள்ளதில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் இன்றைய கருவிகளுக்கு அது எட்டும். பல் துலக்கும் குச்சிபோல் பிடியுள்ள ஒரு சிறு பஞ்சை ஈறு ஓரமாக ஒரு நிமிஷம் தேய்த்து எடுத்தால் போதும். இங்கிலாந்தில் 1994 முதல் இதைச் செய்து வருகிறார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா என்று சந்தேகப்பட்ட குழந்தைகளின் வாய்நீரைப் பஞ்சில் எடுத்துச் சோதித்ததில், தட்டம்மை என்று வைத்தியர்கள் எழுதி அனுப்பியவற்றில் பெரும்பாலானவை தட்டம்மையே அல்ல என்று வெளியாயிற்று. எத்தியோப்பியாவின் கிராமங்களில் ஒரே ஆளின் இரத்தத்தையும் வாய்நீரையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து 2001-ல் வெளியிட்டார்கள். தட்டம்மைக்கு இரண்டும் நன்றாக ஒத்தன. ருபெல்லாவிற்குச் சுமாராக ஒத்தன. ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ்-பி நோய்க்கு வாய்நீர் உதவவில்லை. உதவாததையும் மறைக்காமல் எழுதியிருப்பதைக் கவனியுங்கள். எந்த ஸ்தலபுராணத்திலாவது "இந்த வேண்டுதல் இன்ன காரியத்திற்குப் பலிக்கவில்லை" என்று எழுதப்பட்டிருக்கிறதா?

பொன்னுக்கு வீங்கி என்றவுடன் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அந்த நோய் எச்சில் சுரக்கும் சுரப்பியிலேயே வருவது. நம்மவர்களோ பெயரைக் கேட்டுவிட்டு, கன்னம் வீங்கிய குழந்தையின் கழுத்தில் இரவல் வாங்கியாவது ஒரு பொற்சங்கிலியைப் போட்டுவிடுகிறார்கள். வீக்கம் தானாகவே பத்து நாளில் வடிகிறது. பெயர் சங்கிலிக்குப் போகிறது. அந்த நோய்க்கு ஊசி இருந்தும், இந்திய சர்க்காரின் இலவச ஊசிப் பட்டியலில் அது இன்னும் சேரவில்லை என்பதைப் பற்றிப் பேச ஆளில்லை.

இனி, "சீ, எச்சிலா!" என்று முகம் சுளிப்பவர்களுக்கு. இந்நாட்டில் எச்சிலுக்கு ஜாதி உண்டு. ஒருவன் வாய் வைத்த குவளையை மற்றொருவன் தொடக்கூடாது. டீக்கடையில் தனிக் குவளை. ஆனால் "உயர்ந்தவர்" தின்ற இலையின்மேல் உருண்டால் மட்டும் புண்ணியம். கரூர்ப் பக்கம் நெரூரில் எச்சில் இலையில் உருளுவதை 2015-ல் ஐக்கோர்ட்டு தடுத்தது. 2024-ல் ஒரு நீதிபதி அனுமதித்தார். 2025-ல் இரண்டு நீதிபதிகள் அந்த அனுமதியை ரத்துச் செய்தார்கள். மூன்று தீர்ப்பு வேண்டியிருந்தது! வீட்டிலோ, திருஷ்டி கழிக்கிறோமென்று உப்பையும் மிளகாயையும் சுற்றி, "மூணு தரம் துப்புடா கண்ணு" என்று குழந்தையைத் துப்பச் சொல்லி அடுப்பில் போடுகிறார்கள். அடுப்பில் போடுவதற்குத் துப்பச் சொல்லும் தாய், பரிசோதனைக்கு ஒரு பஞ்சை நனைத்துக் கொடுக்க மறுக்கமாட்டாள், விஷயத்தை அவளுக்கு விளங்கும்படி சொன்னால். பஞ்சில் ஊறிய எச்சிலைப் பார்க்கிற கருவிக்கு அது மீனவன் பிள்ளையுடையதா, மிராசுதார் பிள்ளையுடையதா என்ற வித்தியாசம் தெரியாது.

இதற்காக எச்சிலை ஒரு புதிய தீர்த்தமாக்கிவிட வேண்டாம். ஊசியினால் வந்த எதிர்ப்பொருள், நோய் வந்து உண்டான எதிர்ப்பொருளைவிடக் குறைவாகவே பெரும்பாலும் இருக்கும். வருஷம் ஆக ஆக இன்னும் குறையும். ஆகையால் காப்பு உள்ள குழந்தையையும் வாய்நீர்ச் சோதனை இல்லையென்று சொல்லிவிடக்கூடும். பல் முளைக்காத குழந்தைக்கு ஈறுக் கசிவு குறைவு. தாய்ப்பால் குடித்த கையோடு எடுத்தால், தாயின் எதிர்ப்பொருள் கலந்து குழந்தையுடையதைப்போல் காட்டும். எடுத்த பஞ்சை நம் சித்திரை வெயிலில் பையில் போட்டுச் சுற்றினால் கெட்டுப்போகும். மேலும், இரத்தத்தைக் காப்பது வேறு, வாய்க்கும் குடலுக்கும் உள்ள காவல் வேறு. போலியோ விஷயத்தில் இது நன்றாகத் தெரிந்தது. ஏற்கெனவே சொட்டு மருந்து சாப்பிட்டிருந்த, 1 முதல் 4 வயது வரையுள்ள 450 குழந்தைகளை வைத்து வேலூரில் ஓர் ஆராய்ச்சி நடத்தி 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு போலியோ ஊசி போட்ட பிறகு குடலின் காவல் பலப்படுகிறதா என்பதை, மலத்தில் கிருமி வெளியேறுவதை அளந்தே கண்டுபிடித்தார்கள். ஆகவே ஒவ்வொரு நோய்க்கும் வாய்நீர் என்ன சொல்லும், என்ன சொல்லாது என்பதைத் தனித்தனியே பரீட்சித்துப் பார்த்தாக வேண்டும்.

அந்தப் பரீட்சையைத்தான் நம் சர்க்காரிடம் கேட்கிறோம். கிண்டியில் 1899 முதல் கிங் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. தட்டம்மையைச் சோதிக்க அங்கு ஆளும் கருவியும் உண்டு. சீர்காழித் தாலுகாக் கடற்கரையில், பூம்புகாரிலிருந்து திருமுல்லைவாசல் வரை, ஒவ்வோர் அங்கன்வாடியிலும் தாய் தகப்பன்மார் சம்மதத்துடன் குழந்தைகளின் வாய்நீரை எடுக்கட்டும். அவர்களில் இசைகிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தமும் எடுத்து இரண்டையும் ஒத்துப் பார்க்கட்டும். எதற்காக எடுக்கிறோம் என்பதை நர்சம்மா முதல் நாளே தமிழில் சொல்லட்டும். "மேலிடத்து உத்தரவு" என்ற வார்த்தை வேண்டாம், 2017-ல் அந்த வார்த்தையால் ஆனது ஒன்றுமில்லை. காப்பு இல்லையென்று தெரிந்த குழந்தைக்கு அந்த வாரமே விட்டுப்போன தவணையைப் போட வேண்டும். எந்தக் குப்பத்தில் எத்தனை பேருக்குக் காப்பு உண்டு, எத்தனை பேருக்கு இல்லை என்பதைக் குழந்தைகளின் பெயர் சொல்லாமல், பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் எழுதிப் போட வேண்டும்.