'மென்ஸ் ஷெட்' என்றால் என்ன? வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அப்பாக்களுக்கு எதற்கு ஒரு பட்டறை?

எங்கள் வீட்டு 'பாம் ஷெல்ட்டர்' கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அப்பாவின் சிவப்பு டூல்பாக்ஸ்தான். முப்பது வருஷத்துக்கு மேல் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற பிறகு அந்தப் பெட்டி வெளியே வந்தது மொத்தம் நாலைந்து தடவை இருக்கும். ஒரு குழாய், ஒரு சுவிட்ச், என் மகனுடைய சைக்கிள் செயின். மற்றபடி அப்பாவுக்குத் துணை டிவியும் யூடியூபும்தான்.

"கீழே புதுசா மூத்தோர் சென்டர் திறந்திருக்காங்கப்பா, போய்ப் பாருங்களேன்" என்றேன்.

"அங்க எல்லாம் பாட்டிங்கதான் இருக்காங்க. பாட்டு, கைதட்டல். நான் போய் என்ன செய்ய?" என்றார்.

பல வீடுகளில் கேட்கும் பதில்தான். இதே பதிலை ஆஸ்திரேலியர்கள் முப்பது வருஷத்துக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த தீர்வின் பெயர்தான் 'மென்ஸ் ஷெட்'. தமிழில் சொன்னால் ஆண்களுக்கான சமூகப் பட்டறை.

எங்கே தொடங்கியது?

ஆஸ்திரேலியப் புறநகர் வீடுகளின் பின்பக்கத் தோட்டத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை இருக்கும். ரம்பம், உளி, புல்வெட்டும் இயந்திரம், பாதி வேலையில் நிற்கும் நாற்காலி என்று எல்லாம் அதற்குள் கிடக்கும். வீட்டு ஆண் தனியாக மணிக்கணக்கில் நேரம் போக்கும் இடம் அது. வயதானதும் பெரிய வீட்டை விற்றுவிட்டுச் சின்ன வீட்டுக்கு மாறுகிறார்கள். அப்போது முதலில் போவது அந்தக் கொட்டகைதான்.

1993இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் கூல்வா என்ற சிற்றூரில், மூத்தோருக்கான மன்றம் ஒன்றில் 'தி ஷெட்' தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் மேக்சின் சேஸ்லிங் என்ற பெண். 1998இல் விக்டோரியா மாநிலத்தின் தொங்கலா ஊரில் 'மென்ஸ் ஷெட்' என்ற பெயருடனேயே ஒன்று திறந்தது. 2007இல் இவற்றுக்கென்று ஒரு தேசியச் சங்கம் உருவானது. இப்போது ஆஸ்திரேலியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஷெட்கள் இருக்கின்றன. அயர்லந்து, பிரிட்டன், நியூசிலந்து என்று மற்ற நாடுகளுக்கும் பரவிவிட்டது. அயர்லந்தில் 2011இலும் பிரிட்டனில் 2013இலும் அவற்றுக்கான சங்கங்கள் வந்தன.

உள்ளே என்ன நடக்கும்?

பெரும்பாலான ஷெட்கள் வாரத்தில் சில நாள், காலை நேரத்தில்தான் திறந்திருக்கும். வந்ததும் பெயரைப் பதிய வேண்டும். ஆபத்தான இயந்திரம் என்றால், அதைப் பாதுகாப்பாக இயக்கத் தெரியும் என்று காட்டிய பிறகுதான் தொட விடுவார்கள். வருஷத்துக்கு ஒரு சின்னச் சந்தா. அவ்வளவுதான்.

என்ன செய்கிறார்கள் என்பது ஷெட்டுக்கு ஷெட் மாறும். அறநிறுவனங்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்க மரப் பொம்மைகள் செய்கிறார்கள். பழைய சைக்கிளைச் சரிசெய்து தேவைப்படுவோருக்குத் தருகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு 'படி பெஞ்ச்' செய்கிறார்கள், அதாவது விளையாட ஆள் இல்லாத பிள்ளை போய் உட்காரும் பெஞ்ச். உட்கார்ந்தால் யாராவது வந்து பேசுவார்கள். பறவைகளுக்குக் கூண்டுப் பெட்டி, அக்கம்பக்கத்துப் பாட்டியின் உடைந்த நாற்காலி, எல்லாம் உண்டு. செலவுக்குப் பணம் வேண்டுமென்றால் 'பன்னிங்ஸ்' வன்பொருள் கடை வாசலில் சாசேஜ் சுட்டு விற்பார்கள். ஆஸ்திரேலியாவில் படித்தவர்களுக்கு அந்த வாசனை தெரிந்திருக்கும்.

நடுவில் தேநீர் இடைவேளை. ஆஸ்திரேலியப் பேச்சுவழக்கில் 'ஸ்மோகோ'. பழைய ஷெட் ஆட்களைக் கேட்டால் இயந்திரங்களைவிட இதுதான் முக்கியம் என்பார்கள். ஒன்றுமே செய்யாமல் ஸ்மோகோவுக்கு மட்டும் வந்து போகும் உறுப்பினரும் இருக்கிறார். அவரை யாரும் 'ஏன் சும்மா உட்கார்ந்திருக்கீங்க' என்று கேட்கக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

இதில் உடல்நலம் எங்கே வருகிறது?

சங்கத்தின் முழக்கம் 'ஷோல்டர் டு ஷோல்டர்', தோளோடு தோள். ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம்விட்டுப் பேச மாட்டார்கள், பக்கத்தில் பக்கத்தில் நின்று ஏதாவது வேலை செய்யும்போது பேசுவார்கள் என்பது இதன் பொருள்.

யோசித்துப் பாருங்கள். அப்பாவிடம் 'எப்படிப்பா இருக்கீங்க' என்று நேராகக் கேட்டால் 'நல்லா இருக்கேன்' என்பார், பேச்சு முடிந்துவிடும். அவரோடு சேர்ந்து ஃபேன் மாட்டும்போது, திருகாணி கேட்கும் சாக்கில் 'நேத்து ராத்திரி தூக்கமே இல்லை' என்று வரும். கண்ணைப் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு நின்றால் சங்கடமும் இல்லை, கையில் வேலை இருக்கிறது.

பக்கத்தில் உப்புத்தாள் தேய்க்கும் மனிதர் 'எனக்கும் புரோஸ்டேட் பிரச்சினை இருந்தது, டாக்டரைப் பார்த்தேன்' என்று சொல்வது, சுவரில் ஒட்டிய பத்து சுவரொட்டியைவிட வேலை செய்யும். ஆஸ்திரேலியச் சங்கம் இதைப் புரிந்துகொண்டு 'ஸ்பேனர் இன் தி வொர்க்ஸ்?' என்ற பெயரில் ஒரு சுகாதார இயக்கம் நடத்துகிறது. உடம்பை வண்டிபோல நினைத்து, வயதுக்கேற்ற 'சர்வீஸ்' செய்துகொள்ளச் சொல்கிறது. கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் 'ஹெல்த் ஸ்கிரீனிங்' கடிதத்தைப் பிரிக்காமலேயே வைக்கும் எங்கள் அப்பா, காரை மட்டும் ஒரு தடவைகூட சர்வீஸுக்குத் தாமதமாக விட்டதில்லை.

தனிமை அவ்வளவு பெரிய விஷயமா?

உலக அளவில் 6 பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2025இல் சொன்னது. ஆண், பெண் இருவருக்கும் தனிமை உண்டு. ஆனால் ஓய்வு என்பது பல ஆண்களிடமிருந்து ஒரே நாளில் மூன்று விஷயங்களைப் பறிக்கிறது: போக ஓர் இடம், பேச ஆட்கள், 'நீ இல்லாமல் ஆகாது' என்ற உணர்வு. சம்பளத்துக்கு சிபிஎஃப் இருக்கிறது. மற்றதற்கு?

சிங்கப்பூரில் 2024இல் பதிவான தற்கொலைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள். எல்லா வயதினரும் சேர்ந்த கணக்கு அது, ஓய்வை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனாலும் ஆண்கள் உதவி கேட்கத் தயங்குகிறார்கள் என்ற கவலைக்கு அது ஒரு காரணம்.

வீட்டில் இருக்கும் அம்மாக்களின் பக்கமும் ஒன்று உண்டு. ஓய்வுபெற்று மனைவியையே சுற்றிச் சுற்றி வரும் கணவருக்கு ஜப்பானில் ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்: 'நனைந்த சருகு'. துடைப்பத்தால் தள்ளினாலும் ஒட்டிக்கொள்ளுமாம். என் அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார்.

உண்மையிலேயே பலன் தருகிறதா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஷெட்டுக்குப் போகிறவர்கள் மனசு லேசாக இருக்கிறது, நண்பர்கள் கிடைத்தார்கள் என்று சொல்வதைப் பல ஆய்வுகள் பதிவுசெய்துள்ளன. ஆனால் அவற்றில் நிறைய ஆய்வுகள் சிறியவை, உறுப்பினர்கள் தாங்களே சொன்னதை வைத்து எழுதியவை. ஷெட்டைத் தேடிப் போகும் ஆள் ஏற்கெனவே கொஞ்சம் கலகலப்பானவராக இருக்கலாம். கதவை மூடிக்கொண்டு உள்ளேயே இருப்பவர் எந்த ஆய்வுப் படிவத்திலும் வர மாட்டார். ஆதாரம் நம்பிக்கை தருகிறது, ஆனால் முடிவானதல்ல என்பதுதான் நேர்மையான பதில்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆஸ்திரேலிய அரசாங்கம் 2010இல் வெளியிட்ட ஆண்கள் சுகாதாரக் கொள்கையிலேயே ஷெட்களுக்கு இடம் கொடுத்தது. மானியமும் வருகிறது. நல்ல செய்திதான். ஆனால் சுகாதாரப் பணம் வந்தால் சுகாதாரக் கணக்கும் கேட்பார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது? ஷெட்டின் பலமே 'இது சிகிச்சை இல்லை, வேலை' என்ற பாவனைதான். வாசலில் 'மனநலத் திட்டம்' என்று பலகை மாட்டினால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள்.

அயர்லந்து இதைக் கொஞ்சம் சாமர்த்தியமாகக் கையாண்டது. அங்கே 'ஷெட்ஸ் ஃபார் லைஃப்' என்ற 10 வாரத் திட்டத்தில், உணவு, உடற்பயிற்சி, மனநலம் பற்றிச் சொல்லித் தருபவர்கள் ஷெட்டுக்கே வருகிறார்கள். அவர்கள்தான் விருந்தாளிகள். வீட்டுக்காரர்கள் ஷெட் உறுப்பினர்களே.

பெண்களைச் சேர்க்கலாமா என்ற விவாதமும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில ஷெட்கள் பெண்களுக்குக் கதவைத் திறந்துவிட்டன, சில தனி நாள் ஒதுக்குகின்றன, சில 'வேண்டாம்' என்கின்றன. அந்தந்த ஷெட்டே முடிவெடுக்கிறது. லேத் பிடிக்க ஆசைப்படும் பாட்டியைத் தடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆனால் ஆண்கள் மட்டும் இருக்கும்போதுதான் வாய் திறப்பேன் என்பவருக்கும் ஓர் இடம் வேண்டும். இரண்டுமே நியாயம்தான்.

சிங்கப்பூரில் சரிப்பட்டு வருமா?

2030க்குள் இங்கே குடிமக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் 65 வயது அல்லது அதற்கு மேற்பட்டவராக இருப்பார். 'ஏஜ் வெல் எஸ்ஜி' திட்டத்துக்கு அடுத்த பத்தாண்டில் 3.5 பில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்று 2024 வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் 200க்கும் மேல் இருக்கின்றன. ஆகக் குறை பணமோ இடமோ இல்லை. இருந்தும் அங்கே வரும் ஆண்கள் பெண்களைவிடக் குறைவு என்பது அந்த நிலையங்களில் வேலை செய்வோருக்கு நன்றாகவே தெரியும்.

நம் வீடுகளில் பின்பக்கக் கொட்டகை கிடையாது. புளோக்கின் கீழ்த்தளத்தில் காலை 9 மணிக்கு வட்ட ரம்பம் ஓடினால் நகர மன்றத்துக்கு எத்தனை அழைப்பு போகும்? மரத்தூள், சத்தம், காப்புறுதி எல்லாமே தலைவலி. இடம் என்று பார்த்தால் காக்கி புக்கிட், சின் மிங் மாதிரித் தொழிற்பேட்டைகள் இருக்கின்றன, வாடகைதான் இடிக்கும். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நாம் உயர்நிலையில் 'டி அண்ட் டி' பாடத்துக்கு அக்ரிலிக்கை அறுத்துச் சாவிக்கொத்து செய்தோமே, அந்தப் பட்டறைகள் சனி, ஞாயிறில் பூட்டித்தானே கிடக்கின்றன? யார் பொறுப்பேற்பது என்ற கேள்வி வரும், தெரியும். ஆனால் இயந்திரங்கள் தயாராக இருக்கின்றன.

ஷெட்டின் சாயல் நம்மிடம் ஏற்கெனவே இல்லாமல் இல்லை. காப்பிக்கடையில் தினமும் அதே மேசையில் உட்காரும் அங்கிள்களைப் பாருங்கள். கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடுபவர்களைப் பாருங்கள். 2014இல் தொடங்கிய 'ரிப்பேர் கோப்பித்தியாம்' இன்னும் நெருக்கம். பழுதான மின்விசிறியையோ ரைஸ் குக்கரையோ எடுத்துக்கொண்டு போனால், தொண்டூழியர் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே சரிசெய்யக் கற்றுத் தருவார். தோளோடு தோள்தான். ஆனால் அது பொருளைக் காப்பாற்ற வந்த முயற்சி. பழுது சரியானால் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். ஷெட் என்பது பழுது எதுவும் இல்லாத வாரத்திலும் போக வேண்டிய இடம்.

ஆனால் லேத்தைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலிய ஷெட்டின் சாவி உறுப்பினர் கையில் இருக்கிறது. குழுவைத் தேர்ந்தெடுப்பது, என்ன இயந்திரம் வாங்குவது, யாருக்குப் பொம்மை செய்வது, எத்தனை மணிக்கு மூடுவது, எல்லாம் அவர்களே. சண்டையும் வரும். உளியைத் திருப்பி வைக்காதவரைப் பற்றி மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேசுவார்கள். அந்தச் சண்டையே அவர்களுடைய இடம் என்பதற்கு அடையாளம். இங்கே நாம் நன்றாகத் திட்டமிட்டு, அட்டவணை போட்டு, பயிற்றுநரை அழைத்து, தேநீரும் கொடுத்து, 'வாங்க அங்கிள், உட்காருங்க' என்கிறோம். நாற்பது வருஷம் கிரேன் ஓட்டியவரை, கப்பலுக்கு அடியில் வெல்டிங் செய்தவரை, பங்கேற்பாளர் ஆக்கிவிடுகிறோம்.

அடுத்த சனிக்கிழமை எங்கள் பக்கத்து வீட்டு அக்காவின் அலமாரிக் கதவு தொங்குகிறதாம். அப்பாவிடம் சொன்னேன். டிவியை நிறுத்தாமலேயே, "கீல் எத்தனை இன்ச்சுன்னு கேளு" என்றார்.

*உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ மனம் பாரமாக இருந்தால், 24 மணி நேரமும் அழைக்கலாம்: எஸ்ஓஎஸ் 1767, தேசிய மைண்ட்லைன் 1771.*