தோலுக்குள் போன பெப்டைடு என்ன ஆகிறது?

முகச் சுருக்கத்தைப் போக்கும் என்று விற்கப்படும் கிரீம்களில் ஒரு புதுப் பெயர் அடிபடுகிறது. அதுதான் "பெப்டைடு".

வேப்பந்தட்டையில் இருந்துகொண்டே கைப்பேசியில் வாங்கலாம். சிறிய சீசா வீடு தேடி வந்துவிடும். விலை சில நூறு ரூபாயும் உண்டு. சில ஆயிரமும் உண்டு. பருத்திக் காட்டிலும் வெங்காயக் காட்டிலும் பாடுபடும் பெண்ணுக்கு அது பல நாள் கூலி.

பெப்டைடு என்றால் என்ன?

பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம் ஒரு நீண்ட மணிமாலை போன்றது. அதில் சில மணிகள் மட்டும் கோத்த சிறு துண்டுதான் பெப்டைடு.

தோலுக்கு உறுதி தருவது "கொலாஜன்" என்ற புரதம். அது மூன்று இழைகளைப் பின்னிய சடை போன்றது. 1954-ல் இதை உலகத்துக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் ஆவர்.

வயது ஏற ஏற கொலாஜன் குறைகிறது. வெயிலும் அதைச் சிதைக்கிறது. முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு களை எடுக்கும் பெண்கள் செய்வது, காசில்லாத நல்ல வைத்தியம்!

கொலாஜனில் உள்ள சிறு துண்டைப் பூசினால், "பழையது உடைந்துவிட்டது" என்று எண்ணி, தோல் புதிதாகக் கொலாஜன் செய்யும். இதுதான் கிரீம் தயாரிப்பவர்களின் கணக்கு.

ஆனால், வழியில் கத்திரிக்கோல் காத்திருக்கிறது.

வெட்டும் நொதிகள்

தோலில் நொதிகள் இருக்கின்றன. பழைய தோல் உதிர உதவுபவை அவை. புரதத்தை வெட்டுவதே அவற்றின் தொழில். விலை கொடுத்து வாங்கிய பெப்டைடு என்று பார்த்து அவை விட்டுவிடுவதில்லை.

எத்தனை நேரத்தில் வெட்டுகின்றன? இதைச் சோதனைச் சாலையில் பார்க்கிறார்கள்.

அறுவை சிகிச்சையில் அகற்றிய மனிதத் தோலையோ, பன்றிக் காதின் தோலையோ அரைத்துச் சாறு எடுப்பார்கள். அதில் பெப்டைடைக் கலந்து, உடம்புச் சூடான 37 டிகிரியில் வைப்பார்கள். அவ்வப்போது ஒரு துளி எடுத்து, வெட்டுப்படாத துண்டு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கருவியில் அளப்பார்கள். அரைத்த சாற்றில் நொதிகள் எல்லாம் வெளியே வந்துவிடும். ஆகவே முழுத் தோலிலும் சோதித்துப் பார்ப்பதுதான் நியாயம்.

(உயிருள்ள பிராணிகள் மீது அழகுப் பொருள்களைச் சோதிப்பதை இந்தியா 2014-ல் தடை செய்துவிட்டது.)

நொதியை ஏய்க்க ஒரு தந்திரம் உண்டு. "பால்மிடாயில் பென்டாபெப்டைடு-4" என்பது ஐந்து மணித் துண்டு. அதன் முனையில் ஒரு கொழுப்பு அமிலத்தை ஒட்டியிருக்கிறார்கள். ரேஷன் கடைப் பாமாயிலில் உள்ள அதே பால்மிடிக் அமிலம்தான்! முனை மூடியிருப்பதால் வெட்டுவது தாமதமாகிறது. எண்ணெய்த் தன்மை இருப்பதால் தோலுக்குள் நுழையவும் வசதி.

சீசாவில் உள்ள தேதி

சீசாவில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். பொருள் சீசாவுக்குள் எவ்வளவு காலம் கெடாது என்பதையே அது சொல்லும். தோலுக்குள் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதைச் சொல்லாது. "தோல் மருத்துவர் சோதித்தது" என்ற வாசகமும் அப்படித்தான். பெரும்பாலும் அரிப்பு, எரிச்சல் வருகிறதா என்று பார்த்த சோதனையே அது.

சீசாவின் பின்பக்கம் சேர்மானப் பட்டியல் இருக்கும். பெப்டைடு என்ற பெயருக்கு முன்னால் "பால்மிடாயில்" அல்லது "அசிடைல்" என்று இருந்தால், முனை மூடிய துண்டு என்று அறியலாம். அது சற்று அதிக நேரம் தாங்கக்கூடும். சுருக்கம் மறையும் என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது.