அறிவியல் சாளரம்: நீரின்றிப் புரோட்டான் நடக்குமா?

ஹைட்ரஜனையும் பிராணவாயுவையும் எரிக்காமலே கூட்டி மின்சாரம் பெறலாம் என்பதை 1839-இல் வேல்ஸ் நாட்டு அறிஞர் வில்லியம் குரோவ் காட்டினார். அதுவே எரிபொருள் மின்கலத்தின் தொடக்கம்.

ஹைட்ரஜன் அணு எலெக்ட்ரானை இழந்தால் எஞ்சுவது புரோட்டான். எலெக்ட்ரான் கம்பி வழியே சென்று நமக்கு வேலை செய்கிறது. புரோட்டானோ நடுவிலுள்ள சவ்வைக் கடந்து, மறுபுறத்தில் பிராணவாயுவோடு கூடி நீராகிறது. எனவே, கலத்தின் உயிர்நாடி அச்சவ்வே எனலாம்.

1960-களில் டூபாண்ட் நிறுவனத்தார் உருவாக்கிய நாபியான் சவ்வு இன்றும் பெரிதும் வழங்குகிறது. ஆனால், அது நீரில் ஊறியிருந்தாலன்றிப் புரோட்டானுக்கு நன்கு வழிவிடாது. ஆகவே அத்தகைய கலத்தை ஏறத்தாழ 80 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்திலேயே இயக்குகின்றனர்.

அதற்கு மேல் வெப்பம் எதற்கு என்று அன்பர்கள் வினவலாம். இயற்கை வாயுவிலிருந்து பெறும் ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு சிறிது கலந்திருக்கும். 80 டிகிரியில் அது பிளாட்டினத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வினையைத் தடுக்கும். பத்து லட்சத்தில் பத்துப் பங்கு இருப்பினும் தீங்கே. 160 டிகிரியிலோ நூற்றில் ஒரு பங்கு இருப்பினும் கலம் தாங்கும். தூய்மை செய்யும் செலவு குறையுமன்றோ?

அவ்வெப்பத்தில் நீர் ஆவியாகிவிடுமே, பிறகு புரோட்டானுக்கு வழி யாது? பாஸ்பாரிக் அமிலம் கைகொடுக்கிறது. வரிசையில் நிற்போர் குடத்தைக் கைமாற்றுவதுபோல, அமில மூலக்கூறுகள் புரோட்டானை ஒன்றிடமிருந்து மற்றொன்றுக்குக் கொடுத்தனுப்புகின்றன. 1995-இல் அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தார் இவ்வமிலத்தைப் பாலிபென்சிமிடசோல் என்னும் வெப்பந்தாங்கும் பிளாஸ்டிக்கில் ஊறவைத்துச் சவ்வாக்கினர்.

மும்பைக்கு அருகே அம்பர்நாத்தில் உள்ள கடற்படைப் பொருளாய்வுக்கூடமும் பாஸ்பாரிக் அமிலக் கலத்தையே தேர்ந்தது. நீர்மூழ்கிக் கப்பல், மின்கலங்களை மீண்டும் நிரப்புவதற்காக அடிக்கடி மேலெழும்பினால் பகைவர் கண்ணிற்படும். அதனைத் தவிர்க்க அமைத்த இக்கருவியின் மாதிரி 2021 மார்ச்சில் தரையில் வைத்துச் சோதித்து வெற்றி கண்டது.

எனினும் ஒரு குறை உண்டு. கலம் குளிர்ந்து நீர் கசிந்தால், அமிலம் அதனோடு கரைந்து வெளியேறும். சவ்வும் திறன் குன்றும். அமிலத்தைப் பிணித்து நிறுத்தும் பொருளையே ஆய்வாளர் தேடுகின்றனர். வேதியியல் பயிலும் நம் இல்லத்து இளைஞர் முயல்வதற்கு ஏற்ற களம் இது.