போன் நம்பரைக் கூட்டிப் பார்ப்பீர்களா? எக்ஸெல் செய்யும் சத்தமில்லாத குளறுபடி!

எக்ஸெல்லில் காலியாக இருக்கும் ஒரு கட்டத்தில், 044 என்று தொடங்கும் லேண்ட்லைன் நம்பர் ஒன்றை டைப் செய்து என்டர் தட்டுங்கள். முன்னால் இருந்த பூஜ்யம் காணாமல் போயிருக்கும். அடுத்த கட்டத்தில் கதவு எண் 3/4 என்று போடுங்கள். அது ஒரு தேதியாக மாறி நிற்கும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டால் இன்னும் மோசம். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காப்பாற்றும். 16-வது இலக்கம் பூஜ்யமாகிவிடும்.

நீங்கள் எதையும் தப்பாக அடிக்கவில்லை. பிறகு ஏன் இப்படி?

ஊகம்தான் காரணம்

கம்ப்யூட்டருக்குள் போகும் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு வகை உண்டு. எண், எழுத்து, தேதி என்று. அது எந்த வகை என்று நாம் சொல்லாவிட்டால், எக்ஸெல் தானே ஊகித்துக்கொள்ளும். பெரும்பாலும் ஊகம் சரியாக இருக்கும். தப்பும்போது நம்மிடம் ஒரு வார்த்தை கேட்காது.

விஞ்ஞானிகளே இதில் மாட்டியிருக்கிறார்கள். மனித ஜீன்கள் சிலவற்றுக்கு மார்ச்1, செப்ட்2 என்று சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்ஸெல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று தேதிகளாக்கியது. கட்டத்தின் ஃபார்மேட்டை பிறகு டெக்ஸ்ட் என்று மாற்றினாலும் பழைய பெயர் திரும்பாது. ஓர் ஐந்து இலக்க எண்தான் வரும். ஏனென்றால் எக்ஸெல் தேதியை உள்ளே எண்ணாகத்தான் சேமிக்கிறது.

இந்தச் சிக்கலை 2004-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரை சுட்டிக்காட்டியது. 2016-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, எக்ஸெல் ஜீன் பட்டியலுடன் வெளியான கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. கடைசியில் ஜீன்களின் பெயரையே மாற்றினார்கள்! மார்ச்1 இப்போது மார்ச்எஃப்1. செப்ட்2 இப்போது செப்டின்2. தானாக மாற்றுவதை நிறுத்தி வைக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் 2023-ல்தான் எக்ஸெல்லில் கொடுத்தது.

புரோகிராமர்கள் என்ன செய்கிறார்கள்?

அவர்கள் வகையை முதலிலேயே எழுதிவைத்துவிடுகிறார்கள். பைதான் மொழியில் 2018-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்து ‘டேட்டாகிளாஸ்’ என்ற வசதி இருக்கிறது. பெயர் என்றால் எழுத்து, வயது என்றால் முழு எண், சேர்ந்த நாள் என்றால் தேதி என்று அதில் குறித்துவிடலாம். சமையலறை டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டுவது மாதிரி.

ஆனால், உப்பு டப்பாவில் யாராவது சர்க்கரையைக் கொட்டினால் லேபிள் தடுக்குமா? தடுக்காது. டேட்டாகிளாஸும் உள்ளே வருவதைத் தானாகச் சோதிக்காது. அந்த வேலைக்குத்தான் பைடான்டிக் போன்ற லைப்ரரிகள். வயது என்ற இடத்தில் ‘12’ என்பது எழுத்தாக வந்தால் எண்ணாக மாற்றிக்கொள்ளும். ‘பன்னிரண்டு’ என்று வந்தால் ஊகிக்காது. பிழை என்று சொல்லி நின்றுவிடும். அப்படி நிற்பதுதான் நமக்கு நல்லது.

ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போகும்போதும் கவனம் தேவை. சி.எஸ்.வி. ஃபைல் என்பது வெறும் எழுத்தும் காற்புள்ளியும்தான். எது எண், எது தேதி என்று குறிக்க அதில் இடமே கிடையாது. எல்லாமே லேபிள் பிய்ந்த டப்பாக்களாகப் போய்ச் சேரும். திறக்கும் மென்பொருள் மறுபடி ஊகிக்க ஆரம்பிக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது

* ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதைக் கூட்டிப் பார்ப்போமா? சம்பளத்தைக் கூட்டுவோம், மார்க்கைக் கூட்டுவோம். இரண்டு போன் நம்பரை யாரும் கூட்டுவதில்லை. ஆதார், பின்கோடு, கணக்கு எண், ரோல் நம்பர் எல்லாம் அப்படித்தான். இலக்கங்களில் இருந்தாலும் அவை எழுத்துதான்.

* அந்தக் கட்டங்களை டைப் செய்வதற்கு முன்பே டெக்ஸ்ட் ஃபார்மேட்டுக்கு மாற்றுங்கள். கூகுள் ஷீட்ஸில் இதன் பெயர் பிளெயின் டெக்ஸ்ட். அவசரத்துக்கு, நம்பருக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி (') போட்டாலும் போதும்.

* கம்ப்யூட்டரில் சி.எஸ்.வி. ஃபைலை டபுள் கிளிக் செய்து திறக்காதீர்கள். எக்ஸெல்லின் டேட்டா மெனு வழியாக உள்ளே கொண்டுவந்தால், ஒவ்வொரு பத்தியின் வகையையும் நீங்களே தேர்வு செய்யலாம்.

குடியிருப்போர் சங்கப் பட்டியலோ, ஸ்காலர்ஷிப் பட்டியலோ, அனுப்பும் முன் கணக்கு எண்களைப் பாஸ்புக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். 16 இலக்க எண்கள் எல்லாமே பூஜ்யத்தில் முடிந்தால், உஷார்! பணத்துக்காகக் காத்திருப்பவருக்கு அந்தக் கடைசி இலக்கம் ரொம்ப முக்கியம்.