செக்ரோலில் பிள்ளைக்கும் ஓர் இடம் வேண்டும்

சம்பள நாளில் கையில் கிடைக்கும் சிட்டையை நம்மில் எத்தனை பேர் கடைசி வரி வரை பார்க்கிறோம்? ஊழியர் சேமலாப நிதிக்கு ஒரு கழிவு. தீபாவளி முற்பணத்துக்கு ஒரு கழிவு. கோயில் காசு, மரண நிதி, தேயிலைத்தூள், வாங்கிய கடன் என்று வரிசையாகப் போகும். நமது சங்கச் சந்தாவும் அதில்தான் இருக்கிறது. எல்லாம் கைக்கு வருமுன்பே போய்விடுகின்றன. இத்தனைக்கும் இடம் கொடுக்கிற சிட்டையில், ஒருவன் விட்டுப்போன பிள்ளையின் சாப்பாட்டுக்கு மட்டும் ஏன் இடமில்லை?

இதை எழுதக் காரணம், நமது காரியாலயத்துக்கு வந்த ஒரு சகோதரி. இரண்டு பிள்ளைகள். புருஷன் அதே தோட்டத்தின் வேறொரு டிவிசனில் இன்னொரு குடும்பத்தோடு இருக்கிறார். தாபரிப்புப் பணம் கட்டச் சொல்லி நீதவான் கட்டளையிட்டும் ஏழு மாதமாக ஒரு சதமும் வரவில்லை. ஒவ்வொரு தவணைக்கும் அந்தச் சகோதரி காலை பஸ் பிடித்து நகரத்துக்குப் போக வேண்டும். அன்றைக்கு ஒரு பெயர் போய்விடும், பஸ் காசும் போய்விடும். பிடியாணை வந்தால் அவர் ஒரு மாதக் காசைக் கட்டுவார், பிறகு பழைய கதைதான். இதைச் சொல்லி அவர் முதலில் போனது தோட்டத் தலைவரிடம். "அது உங்கள் குடும்பப் பிரச்சினை, சங்கம் இதில் தலையிடாது" என்று பதில் கிடைத்ததாம்.

அந்தத் தலைவர் நமது சங்கத்தின் தலைவர். ஆகவே இந்தக் கட்டுரையில் முதல் குற்றவாளி நாம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1889ஆம் ஆண்டின் பழைய தாபரிப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் வந்தது. வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்காத பெற்றோர் எவரானாலும், அவரிடமிருந்து மாதாந்தப் பணம் பெற்றுக்கொடுக்க நீதவானுக்கு அதிகாரம் உண்டு. பெற்றோர் என்றால் தகப்பன் மட்டுமல்ல. வெளிநாட்டில் உழைத்துக்கொண்டு பிள்ளையை அம்மாயியிடம் விட்டு மறந்துபோன தாய்க்கும் இது பொருந்தும். கலியாணத்தைப் பதியவில்லை, அதனால் கேட்க முடியாது என்று லயங்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு. வழக்கறிஞருக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கட்டளையை மீறினால் அபராதம் அறவிடுவது போல நிலுவையை அறவிடலாம், சிறைக்கும் அனுப்பலாம். சிறை என்றதும் ஆள் பயப்படுவார், உண்மைதான். ஆனால் உள்ளே இருக்கிறவருக்குப் பிரட்டு இல்லை, கூலி இல்லை. அந்த நாட்களில் பிள்ளைக்கு என்ன வரும்? அதைவிட உருப்படியான வழி ஒன்று அதே சட்டத்தில் இருக்கிறது. சம்பளத்திலிருந்து நேரடியாகக் கழித்து அனுப்பும்படி தொழில் கொடுப்போருக்கே நீதிமன்றம் கட்டளையிடலாம். தோட்டத்தில் இதற்காகப் புதிதாக எதுவும் செய்யத் தேவையில்லை. சந்தாவைக் கழிக்கிற அதே செக்ரோல் போதும்.

பிறகு ஏன் நடப்பதில்லை? கேட்க வேண்டும் என்று அந்தத் தாய்க்கு யாரும் சொல்வதில்லை. ஒருவேளை கட்டளை வந்துவிட்டாலோ, தகப்பன் நேரே நம்மிடம் வருகிறார். "நான் சந்தா கட்டுகிற அங்கத்தவன், என் சம்பளத்தில் கைவைக்கிறார்கள்" என்கிறார். நாமும் துரையிடம் பேசிப் பார்க்கிறோம் என்கிறோம். தாயும் சந்தா கட்டுகிறவர்தான் என்பது அந்த நேரத்தில் நமக்கு மறந்துபோகிறது.

அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே சம்பளக்காரரிடம் வருடம் முழுவதும் வருமான வரியைப் பிடித்து, பிறகு கணக்குப் பார்த்து, கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிக் கொடுப்பார்கள். பிள்ளைக்குக் கட்ட வேண்டிய பணத்தில் நிலுவை வைத்தவரின் பெயர் திறைசேரிக்குப் போயிருந்தால், அந்தத் திருப்பிக் கொடுக்கும் பணம் அவர் கைக்கு வராது. இடையிலேயே மறித்துப் பிள்ளையின் கணக்குக்கு அனுப்பிவிடுவார்கள். 1981இல் அரச உதவிப் பணம் பெற்ற குடும்பங்களுக்காக இதைத் தொடங்கி, 1984இல் மற்றக் குடும்பங்களுக்கும் விரித்தார்கள். உதவி பெற்ற குடும்பமென்றால் 150 டொலர் நிலுவை, மற்றவர்களுக்கு 500 டொலர் நிலுவை இருந்தால் போதும். முன்கூட்டியே அறிவித்தல் அனுப்புவார்கள், பிழையென்றால் ஆட்சேபிக்கலாம். இப்போதைய மனைவியும் சேர்ந்து வரிக் கணக்குக் காட்டியிருந்தால் அவருடைய பங்கை அவர் திரும்பக் கேட்கலாம். 2020இல் கொவிட் காலத்து முதலாவது நிவாரணப் பணத்தை வேறு அரச கடன்களுக்காக மறிக்கவில்லை, பிள்ளையின் நிலுவைக்காக மட்டும் மறித்தார்கள்.

அங்கேயும் கோணல் உண்டு. உதவிப் பணம் வாங்கிய குடும்பமென்றால், மறித்த காசில் பெரும் பகுதியை "நாங்கள் கொடுத்த உதவிக்கு ஈடு" என்று அரசாங்கமே எடுத்துக்கொள்வது வழக்கம். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பிடித்த பணம் பிள்ளைக்குப் போகாவிட்டால் அது எந்த நியாயம்? அந்தப் பகுதி நமக்கு வேண்டாம்.

நமக்கு வேண்டியது அதிலுள்ள யோசனைதான். ஆளைத் துரத்திக்கொண்டு அலையாமல், பணம் வருகிற வழியில் காத்து நிற்பது. நமது ஆட்களுக்கு வரி திரும்பி வரப்போவதில்லை. வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாவுக்கு மேல் உழைத்தால்தானே இங்கே வருமான வரி? ஆனால் தோட்டத் தொழிலாளிக்கும் மொத்தமாகக் காசு வருகிற வேளைகள் இருக்கின்றன. ஐந்து வருடம் வேலை செய்தவர் விலகும்போது ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் பணிக்கொடையாக வரும். 30 வருடமென்றால் 420 நாள். 2024இல் வர்த்தமானியில் வந்த 1350 ரூபா கணக்கில் பார்த்தாலும் 567,000 ரூபா. தாபரிப்பு நிலுவையோடு பெயரை வெட்டிக்கொண்டு கொழும்புக் கடைக்கோ கட்டட வேலைக்கோ போகிறவர், இந்தக் காசை வாங்கிக்கொண்டுதான் போகிறார். அதன்பிறகு அவரைப் பிடிக்கச் செக்ரோலும் இல்லை, சிட்டையும் இல்லை. பிள்ளை லயத்தில் நிற்கிறது.

அதனால் நாம் கேட்பது இது. பணிக்கொடை கொடுக்குமுன் தாபரிப்பு நிலுவை உண்டா என்று பார்த்து, இருந்தால் அதை முதலில் கழிக்க வேண்டும் என்று சட்டத்தில் தெளிவாக எழுத வேண்டும். சேமலாப நிதியை மீளப்பெறும்போதும் அப்படியே. அந்தப் பணத்தில் ஒருவரும் கைவைக்கக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தியவர்கள் நாமே. இப்போது இப்படி எழுதுவது நமக்கு இலேசான காரியமல்ல. ஆனால் வீடு கட்டவும் வைத்தியத்துக்கும் முன்கூட்டியே 30 வீதம் எடுக்கக் கதவைத் திறந்தபோது நாம் வேண்டாம் என்று சொல்லவில்லையே. பெற்ற பிள்ளையின் கடன் வீட்டுக் கடனைவிடச் சிறியதா?

உழைத்துக் களைத்த தகப்பனின் வயிற்றில் அடிக்கிறீர்கள் என்று சிலர் கோபிப்பார்கள். உண்மையிலேயே முடியாதவருக்கு வழி இருக்கிறது. நீதவானிடம் போய் நிலைமையைக் காட்டினால் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். வாயை மூடிக்கொண்டு கட்டாமல் இருப்பது வேறு விஷயம். ஆயிரம் ரூபாவுக்காக எத்தனை வருடம் வீதியில் இறங்கினோம்! 2021இல் அது கிடைக்கும் வரை, பதாகைகளில் பிள்ளைகளின் பசியைத்தானே எழுதிப் பிடித்தோம்.

இன்னொன்று. மலையைப் பிரித்துக் கொடுத்து வருமானப் பகிர்வு முறைக்கு மாறச் சொல்கிற கம்பெனிகளின் திட்டத்தை நாம் எதிர்க்க வேறு பல காரணங்கள் உண்டு. சம்பளமே இல்லாத இடத்தில் சம்பளக் கழிவுக் கட்டளையும் செத்துப்போகும் என்பதையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் மாறும்வரை தலைவர்களும் தலைவிகளும் சும்மா இருக்கத் தேவையில்லை. தாபரிப்புக் கட்டளை கையிலிருந்தும் காசு வராத தாய்மார், அம்மாயிமார் உங்கள் தோட்டத்தில் யார் யார் என்று மாதர் சங்கத்துக்குத் தெரியும். அடுத்த தவணையில் சம்பளத்திலிருந்து கழிக்கும் கட்டளையைக் கேட்கும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள். கட்டளை வந்தால் அதன் பிரதியோடு தோட்டக் காரியாலயத்துக்கு அவர்களோடு கூடப் போங்கள், முதல் மாதக் கழிவு சிட்டையில் ஏறியதா என்று பாருங்கள். ஏறாவிட்டால் நமக்கு எழுதுங்கள். கழிக்க வேண்டாம் என்று கேட்டுத் தகப்பன் வந்தால், அவரிடம் முதலில் அந்தக் கட்டளையைக் காட்டச் சொல்லுங்கள்.